கடிகாரம் பார்த்துச் சமைக்கும் கோழி

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் கோழிக்குழம்பு. சுடச்சுடச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்ட அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிஞ்சிய குழம்பு இரவு வரை அடுப்பு மேடையில் இருந்தது. படுக்கப் போகும்போது யாரோ எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். மறுநாள் மதியம் அதையே கொதிக்க வைத்து, புதிதாக வடித்த சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார் அம்மா. அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து காந்துகின்றன. மூக்கில் நீர் வடிகிறது. தலை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. அதே கோழி, அதே மசாலா, அதே சட்டி. அலர்ஜியோ என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் கோழிக்கு அலர்ஜி இல்லை என்று வருகிறது. 'நேற்று சாப்பிட்டபோது நன்றாகத்தானே இருந்தது, மனப்பிரமையாக இருக்கும்' என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லத் தொடங்குகிறார்கள்.

மனப்பிரமை இல்லை. ஞாயிறுக்கும் திங்களுக்கும் இடையில் அந்தக் குழம்பு மாறியிருக்கக்கூடும். மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் மூக்குக்கும் எட்டாது. ஹிஸ்டமின் சகிப்பின்மை உள்ளவர்களுக்குக் கோழி சமைப்பதில் மசாலாவைவிட நேரமே பெரிது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். என்ன போட்டோம் என்பது இரண்டாவது கேள்வி. வெட்டியது எப்போது, அடுப்பேறியது எப்போது, தட்டுக்கு வந்தது எப்போது என்பவைதான் முதல் கேள்விகள்.

உடம்புக்குள் நடப்பது

ஹிஸ்டமின் வெளியிலிருந்து வந்த விஷம் அல்ல. நம் உடம்பே சுரக்கும் பொருள். கொசு கடித்த இடம் தடிப்பதற்கும், தூசி பட்டால் தும்முவதற்கும், இரைப்பையில் அமிலம் ஊறுவதற்கும் அதுதான் காரணம். அது ரத்தக் குழாய்களிலும் தசைகளிலும் என்னென்ன செய்கிறது என்பதை லண்டனில் ஹென்றி டேலும் பேட்ரிக் லைட்லாவும் 1910-ல் எழுதினார்கள். அதைச் சிதைக்கும் நொதி ஒன்று உடம்பில் இருப்பதை 1929-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியவர் சார்லஸ் பெஸ்ட். இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கு கொண்ட அதே பெஸ்ட். இன்று அந்த நொதிக்கு டயமின் ஆக்சிடேஸ் என்று பெயர். சுருக்கமாக டிஏஓ.

உணவில் ஹிஸ்டமின் எப்படி வருகிறது? இறைச்சியிலும் மீனிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே இருக்கிறது. உயிர் போனபின் அதன்மேல் வளரும் சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அப்படி உண்டான ஹிஸ்டமின் சிறுகுடலுக்கு வரும்போது, குடல் சுவரில் இருக்கும் டிஏஓ அதைச் சிதைத்துவிடுகிறது. ஏரிக்கு மடை எப்படியோ அப்படி இந்த நொதி: வரும் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் வரை கரை உடையாது. சிலருக்குப் பிறவியிலேயே மடை குறுகல். சிலருக்குக் குடல் நோயால் அடைபடுகிறது, சிலருக்கு மருந்தால். ஆரோக்கியமானவர் கவனிக்கக்கூட மாட்டாத அளவு ஹிஸ்டமின் இவர்களுக்குக் கரையைத் தாண்டிவிடுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் வெளியிட்ட அறிக்கை, ஆரோக்கியமானவர் ஒரு வேளையில் 50 மில்லிகிராம் வரை தாங்குவார் என்றது. சகிப்பின்மை உள்ளவர்களுக்கு அப்படி ஓர் எண்ணைத் தர மறுத்து, கருவியால் கண்டறிய முடியாத அளவே பாதுகாப்பு என்று சொன்னது.

இனி வருவதைச் சமையலறையில் நிற்கும் எல்லோரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும். அது ஏற்கெனவே உண்டாக்கி வைத்த ஹிஸ்டமின் சாகாது. அடுப்புச் சூட்டுக்கும் பிரஷர் குக்கர் சூட்டுக்கும் அது அசையாது. உறைய வைத்தாலும் அழியாது. 'நன்றாகக் கொதிக்க விட்டுட்டேன், ஒண்ணும் செய்யாது' என்ற நம்பிக்கை மற்ற பல உணவு நோய்களுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. திங்கட்கிழமைக் குழம்பு எவ்வளவு கொதித்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு ஆகாததன் காரணம் இங்கே இருக்கிறது.

மீன் கற்றுத்தந்த பாடம்

இந்த அறிவு முதலில் மீனிடமிருந்து வந்தது. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் மிக அதிகம். பிடித்த மீனை ஐஸில் வைக்கத் தாமதித்தால் சில மணி நேரத்திலேயே ஹிஸ்டமின் ஏறி, ஆரோக்கியமானவரையும் படுக்க வைத்துவிடும். அதனால்தான் இந்த வகை மீன்களுக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று உலக நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் 100-க்கும் 200-க்கும் இடையில் அந்தக் கோடு விழுகிறது. கோழிக்கு அப்படி வரம்பு இல்லை. கோழியில் அவ்வளவு ஏறுவது அரிது. வழக்கமாக ஏறும் கொஞ்சம் ஆரோக்கியமானவருக்குத் தெரியாது.

நமக்கு மிக அருகில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். இலங்கையில் மார்பு நோய் மருத்துவர் சி.ஜி. உரகொட, காசநோய்க்கு ஐசோனியசிட் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகள் சூரை வகை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்புமாகத் தவிப்பதைக் கவனித்து 1970-களின் பிற்பகுதியில் எழுதினார். ஐசோனியசிட் டிஏஓ நொதியைத் தடுக்கிறது. மீன் வழக்கமான மீன்தான். மருந்துதான் மடையை அடைத்திருந்தது. காசநோய் மருந்து இன்றும் லட்சக்கணக்கானோர் விழுங்கும் நம் நாடுகளில், மாத்திரை கொடுக்கும்போதே இந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்பிரமைட், ரத்த அழுத்தத்துக்கான வெரபமில், சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளில் சேரும் கிளாவுலானிக் அமிலம் ஆகியவையும் இந்த நொதியைத் தடுப்பவை என்று மருத்துவ நூல்கள் பட்டியலிடுகின்றன. எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் அறிகுறி எப்போது தொடங்கியது, எந்த மாத்திரை எப்போது தொடங்கியது என்ற இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டலாம்.

கோழி ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்தப் பிரச்சினை உள்ளவருக்குத் தரப்படும் விலக்குப் பட்டியல், நம் சாப்பாட்டைப் பாதியாக்கிவிடும். கருவாடு, மாசி, ஊறுகாய், வினிகர், சோயா சாஸ், நாள்பட்ட சீஸ், மது எல்லாம் முதலில் போகும். தக்காளி, கத்தரிக்காய், பசலைக்கீரை ஆகியவற்றில் இயல்பாகவே ஹிஸ்டமின் இருப்பதால் அவையும் போகும். கடல்மீன் பெரும்பாலும் போய்விடும். தயிரும் புளித்த மாவும் சந்தேகத்தில் நிற்கும். இத்தனையும் போனபின் புரதத்துக்கு என்ன வழி என்று கேட்டால், கைக்கெட்டும் தூரத்தில், கட்டுப்படியாகும் விலையில் இருப்பது கோழிதான். அன்றைக்கு வெட்டிய கோழிக்கறியில் ஹிஸ்டமின் மிகச் சொற்பம். மாட்டிறைச்சியைப் போல நாள்கணக்கில் தொங்கவிட்டுப் பக்குவப்படுத்தும் தேவையும் அதற்கு இல்லை.

ஆனால் அந்தச் சொற்பம் சொற்பமாகவே இருக்காது. கறி பழசாகும்போது ஹிஸ்டமின் மட்டும் உண்டாவதில்லை. பியூட்ரெசின், கடாவரின் என்ற அதன் உறவுகளும் சேர்ந்தே உண்டாகின்றன. அவற்றையும் சிதைக்க வேண்டியது அதே டிஏஓதான். ஏற்கெனவே குறைவாக இருக்கும் நொதியை இவையும் பங்கு போட்டுக்கொள்வதால், ஹிஸ்டமின் கொஞ்சமே இருந்தாலும் அது சிதையாமல் உள்ளே போய்விடுகிறது. 'நாற்றம் வரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது' என்று நாம் முகர்ந்து பார்த்துச் சொல்லும் தீர்ப்பு இவர்களுக்கு உதவாது.

கறிக்கடை வாசலில்

ஐரோப்பாவில் எழுதப்பட்ட அறிவுரைகளில் 'எவ்வளவு முடியுமோ அவ்வளவு புதிய இறைச்சி வாங்குங்கள்' என்று இருக்கும். அங்கே அது பெரிய பாடு. பண்ணையிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து கடைக்கு என்று கோழி சில நாள் குளிரில் பயணம் செய்தபின்தான் வாங்குபவர் கைக்கு வருகிறது. நம் தெருமுனைக் கறிக்கடையில் உயிரோடு கூண்டில் நிற்கும் கோழியை எடை போட்டு, கண் முன்னே அறுத்து, 10 நிமிடத்தில் பையில் போட்டுத் தருகிறார்கள். உலகின் எந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டும் தர முடியாத வசதி இது. நாம் அதன் அருமை தெரியாமல் இருக்கிறோம்.

அந்த வசதியை முழுமையாகப் பெற, கேட்டு வாங்க வேண்டும். ஞாயிறு காலை 6 மணிக்கே கூட்டம் நிற்கும் என்பதால் பல கடைகளில் முன்கூட்டியே வெட்டி உரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

"அண்ணே, தொங்கறது வேணாம். கூண்டுல இருக்கறத இப்ப அறுத்துக் குடுங்க. வீட்ல உடம்பு சரியில்லாதவங்களுக்கு."

"இதுவும் காலையில வெட்டுனதுதான்மா, ஃப்ரெஷ்ஷு."

"தெரியும்ணே. அவங்களுக்கு ரெண்டு மணி நேரமே ஒத்துக்காது. நான் நிக்கறேன், நீங்க மெதுவா குடுங்க."

இப்படிச் சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் புரிந்துகொள்கிறார்கள். கூட்டமில்லாத ஒரு வார நாள் காலையில் போனால் இன்னும் நல்லது. ஞாயிறுதான் கறி எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தோலை உரித்து வாங்குவது நல்லது, ஏனென்றால் கிருமிகள் அதிகம் ஒட்டியிருப்பது தோலில்தான். குடல் கிழிபட்டுக் கறியில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கோழியை முக்கி எடுக்கும் கடையாக இருந்தால், அலசாமலே வாங்கி வந்து வீட்டில் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளலாம். குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவினால் கிருமி மேடையெங்கும் தெறிக்கும். பாத்திரத்தில் நீர் விட்டு மெதுவாக அலசுவதே சரி. ஈரலும் மற்ற உள்ளுறுப்புகளும் சதையைவிடச் சீக்கிரம் கெடும். கொத்துக்கறி இன்னும் மோசம்: கத்தி பட்ட பரப்பு கூடக் கூடக் கிருமிக்கு இடமும் கூடுகிறது. முழுக் கோழியையோ பெரிய துண்டுகளையோ வாங்கி, சமைக்கும் நேரத்தில் வீட்டில் நறுக்குவதே இவர்களுக்கு ஏற்றது.

கடைத்தெருவில் இன்னொரு ஒழுங்கும் உண்டு. காய்கறி, மளிகை, பால் எல்லாம் முதலில், கறி கடைசியில். நம் ஊர் வெயிலில் ஸ்கூட்டர் கொக்கியில் முக்கால் மணி நேரம் தொங்கும் கறிப்பையைப் பற்றி ஐரோப்பிய அறிவுரை எதுவும் பேசாது. 20 டிகிரி சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. சித்திரை மாதத்தில் நம் வீட்டுச் சமையலறை 35 டிகிரியில் இருக்கும். ஹிஸ்டமின் உண்டாக்கும் பல கிருமிகளுக்கு மிகவும் பிடித்த வெப்பம் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே அவர்களுடைய மணிக்கணக்கை நாம் பாதியாக்கிக்கொள்ள வேண்டும் என்பேன்.

லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம்மவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே குளிர்பெட்டியில் 'ஃப்ரெஷ்' என்று கிடக்கும் தட்டைவிட, வெட்டியவுடன் ஆலையிலேயே உறைய வைத்த கோழி பெரும்பாலும் மேல். உறைநிலையில் கிருமி வளர்வதில்லை. ஆனால் கடையில் உருக வைத்துப் பிறகு விற்கும் கறி எத்தனை மணி நேரம் உருகிக் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது, அதைத் தவிர்க்கலாம். மசாலா தடவி விற்பது, புகையூட்டியது, சாசேஜ், டப்பாவில் அடைத்தது எதுவும் வேண்டாம்.

ஊற வைக்காத கோழி

வீட்டுக்கு வந்த கறியை நாம் என்ன செய்கிறோம்? தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாம் பிசறி ஊற வைக்கிறோம். ராத்திரி முழுக்க ஊறினால்தான் மசாலா ஏறும் என்பது நம் வீடுகளில் பரவலான நம்பிக்கை. தயிரின் புளிப்பு கெடுக்கும் கிருமியைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும் என்பதும், வீட்டில் நேற்று உறை ஊற்றிய தயிர் நாள்பட்ட சீஸ் அளவுக்கு மோசமில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் இந்த நோயாளிக்குப் பச்சைக் கறி எட்டு மணி நேரம் காத்திருப்பதே சிக்கல். ஃப்ரிட்ஜ் வளர்ச்சியை மெதுவாக்கும், நிறுத்தாது. கிருமி உண்டாக்கிய நொதி கிருமி செத்த பிறகும் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்பது மீன் ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

பிராய்லர் கோழி சுமார் 6 வார வயதுக் குஞ்சு. அதன் சதை தானாகவே மெத்தென்று வேகும். உப்பும் மஞ்சளும் தடவி, வெங்காயம் வதங்கும் நேரத்துக்கு வைத்தால் போதும். சதையை மென்மையாக்கப் பப்பாளிக்காய் சேர்ப்பவர்கள் உண்டு. பப்பாளி பல விலக்குப் பட்டியல்களில் இருப்பதால் அதையும் விட்டுவிடலாம்.

கொங்கு நாட்டில் இதற்குக் கையெட்டும் விடை இருக்கிறது. ஈரோட்டுக்கு எதிரே காவிரிக்கு அக்கரையில், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரால் அறியப்படும் கோழி வறுவலில் தயிர் இல்லை, தக்காளி இல்லை, கரம் மசாலாவும் இல்லை. சின்ன வெங்காயம், விதை நீக்கிய காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல்லு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். அவ்வளவுதான். ஊற வைக்கும் வேலையே கிடையாது. ஹிஸ்டமின் என்ற சொல்லைக் கேட்டிராத சமையல்காரர்கள் செய்து வைத்த இந்தப் பண்டம், வெளிநாட்டு உணவு ஆலோசகர் வரைந்து தரும் பட்டியலுக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. சரிசெய்ய வேண்டியது மிளகாயை மட்டும்தான். அதிகக் காரம் பலருக்கு அறிகுறியைக் கிளறுகிறது.

அரை கிலோ கறிக்கு 200 கிராம் சின்ன வெங்காயம் எடுத்துக்கொள்ளலாம். இரும்பு வாணலியில் தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி காய்ந்ததும், விதை உதறிய மிளகாய் ஒன்றோ இரண்டோ, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பிறகு வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் சிறு துண்டுகளாக நறுக்கிய கறி, மஞ்சள்தூள் அரைக் கரண்டி, உப்பு. தீயைக் கூட்டி மூன்று நான்கு நிமிடம் பிரட்டினால் கறியே நீர் விடும். மூடி போட்டு மிதமான தீயில் 15 நிமிடம். அடிப்பிடித்தால் வெந்நீர் தெளிக்கலாம். மூடியைத் திறந்து ஒரு கைப்பிடி தேங்காய்ப் பல்லு சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம். எலும்பை ஒட்டிய இடத்தில் குத்திப் பார்த்தால் வரும் நீர் சிவப்பில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். வழக்கமான பதத்தைவிடக் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். கருக விட வேண்டாம்.

கருக விட வேண்டாம் என்பது ருசிக்காகச் சொன்னதல்ல. கொரியத் தோல்நோய் ஆய்வாளர்கள் 2017-ல் ஒரே உணவைப் பச்சையாகவும், வேக வைத்தும், நெருப்பில் வாட்டியும், பொரித்தும் ஹிஸ்டமின் அளந்து பார்த்தார்கள். வாட்டிய கடலுணவிலும் இறைச்சியிலும் அளவு கூடியிருந்தது. நீரில் வேக வைத்த இறைச்சியில் குறைந்திருந்தது. வாட்டும்போது ஈரம் ஆவியாகி மிச்சமிருப்பது அடர்கிறது. வேக வைக்கும்போது ஹிஸ்டமின் நீரில் கரைந்து வெளியேறுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தந்தூரியும் தணலில் வாட்டிய கோழியும் முதல் சில வாரங்களுக்கு ஒத்திவைக்கப்படுவது இதனால்தான். மிகவும் கூர்மையாக அறிகுறி வருபவர்களுக்கு, கறியை முதலில் கொதிநீரில் சில நிமிடம் வேக வைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் வழியும் உண்டு. சத்தும் சேர்ந்து போகும் என்பதால் அதை நிரந்தர வழக்கமாக்க வேண்டாம்.

பிரஷர் குக்கர் இவர்களுக்குப் பெரிய துணை. நாட்டுக்கோழியைச் சட்டியில் ஒன்றரை மணி நேரம் வேக விடுவதற்குப் பதில் ஏழெட்டு விசிலில் முடித்துவிடலாம். பிராய்லருக்கு இரண்டு மூன்று விசில் தாராளம். குக்கரில் வெந்த கறியில் கெட்டியான தேங்காய்ப்பாலை ஊற்றி, ஒரு கொதிக்கு முன்னால் இறக்கினால் வெள்ளைக் குழம்பு தயார். பால் அப்போது உடைத்த தேங்காயில் பிழிந்ததாக இருக்கட்டும். குழம்புக்குத் தக்காளி தரும் திடத்தை அரைத்த வெங்காயமும் தேங்காயும் தரும். வேக வைத்து மசித்த பரங்கிக்காய் நிறத்தையும் இனிப்பையும் தரும். கொஞ்சம் புளிப்பு இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் பச்சை மாங்காய் ஒரு கீற்றுப் போட்டுப் பார்க்கலாம். தக்காளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த காய். அது வருவதற்கு முன்பும் நம் முன்னோர் கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டுத்தான் இருந்தார்கள்.

மற்ற பறவைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காடை சிறியது, சீக்கிரம் வேகும், ஒரு வேளையில் தீர்ந்துவிடும். இந்த நோயாளிக்கு அதைவிட வசதி வேறில்லை. வான்கோழி நேர் எதிர். உறைந்த 5 கிலோ வான்கோழி ஃப்ரிட்ஜில் உருக இரண்டரை நாள் ஆகும். அதன் வெளிப்புறம் அத்தனை நேரமும் உருகியே கிடக்கும். வாங்கினால் துண்டுகளாக வாங்குங்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது?

அடுப்பில் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் வரை எந்தக் கிருமியும் வளராது. 5 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாக வளரும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் குழம்பு எத்தனை நேரம் இருக்கிறது என்பதே கேள்வி. கனமான பாத்திரத்தில் மூன்று லிட்டர் குழம்பு ஆற மணிக்கணக்காகும். 'ஆறினபிறகு உள்ளே வைக்கலாம்' என்று நாம் காத்திருக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

ஆகவே நோயாளியின் பங்கைப் பந்தி தொடங்கும் முன்பே பிரித்துவிட வேண்டும். ஒரு வேளைக்கு அப்போதே பரிமாறுங்கள். அடுத்த வேளைகளுக்கானதை எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, தட்டின் அடியில் ஐஸ் நீர் வைத்து ஆற்றினால் 10, 15 நிமிடத்தில் சூடு தணியும். பிறகு சின்னச் சின்ன டப்பாக்களில் ஒருவேளை அளவாகப் போட்டு, நாள் எழுதி, நேராக ஃப்ரீசருக்கு. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். சாப்பிடும்போது மேடையில் உருக விடாமல், உறைந்த கட்டியை அப்படியே வாணலியில் போட்டுக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கொதிக்க வைக்கலாம். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. மின்வெட்டு நீண்டு ஃப்ரீசர் நீர் விட்டிருந்தால், அதில் இருப்பதை வீட்டில் மற்றவர்கள் அன்றே சாப்பிட்டு முடிக்கட்டும்; இவருக்குக் கொடுக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் பெண்கள் வாரம் ஒருநாள் சமைத்து வைத்தே பிழைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தினமும் கறி எடுத்துச் சமை என்று அவர்களுக்குச் சொல்வது கொடுமை. ஃப்ரீசர் அவர்களுக்காகத்தான். ஞாயிறு சமைத்து அரை மணியில் உறைய வைத்த குழம்பு, புதன்கிழமை இரவு, திங்கட்கிழமை ஃப்ரிட்ஜ் குழம்பைவிடப் புதியது.

வெளியில் சாப்பிடுவது பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். உணவகச் சிக்கன் 65 பெரும்பாலும் காலையிலேயே பிசறி வைக்கப்பட்டது. பிரியாணிக்குத் தயிரும் தக்காளியும் சேர்ந்து ஊறிய கறி. பரிசோதனைக் காலத்தில் இரண்டும் வேண்டாம். கல்யாண வீட்டுக்குப் போகும்போது வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது மரியாதைக் குறைவு ஆகாது.

எத்தனை பேருக்கு, எத்தனை நாள்?

ஹிஸ்டமின் சகிப்பின்மை என்பதையே ஐயத்தோடு பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஐயத்துக்கு நியாயம் உண்டு. 1993-ல் வியன்னாவில் 45 பேரை நான்கு வாரம் ஹிஸ்டமின் குறைந்த உணவில் வைத்துப் பார்த்தார்கள். 33 பேருக்கு அறிகுறி நன்றாகக் குறைந்தது, அதில் 8 பேருக்கு முற்றிலும் நின்றது. நம்பிக்கை தரும் எண்கள்தாம், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. ரத்தத்தில் டிஏஓ அளவைப் பார்க்கும் பரிசோதனை மட்டும் நோயை உறுதி செய்யாது என்று ஜெர்மன் மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. அதைப் பணம் கட்டிச் செய்துகொள்ளுமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். டிஏஓ மாத்திரை என்று இணையத்தில் விற்கப்படுவது பெரும்பாலும் பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுவது; பன்றி உண்ணாதவர்களுக்குப் பெட்டியின் மேல் இது எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை.

நம்பத்தக்க வழி நோட்டுப் புத்தகம்தான். முதலில் 10 முதல் 14 நாள் கண்டிப்பான உணவு. அந்த நாள்களில் சாப்பிட்டது, சாப்பிட்ட மணி, கறி வெட்டிய மணி, அறிகுறி, எடுத்த மருந்து எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். குறைந்தால், அடுத்த கட்டமாக ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். கோழியில் முதலில் மிளகைச் சேர்த்துப் பாருங்கள். மூன்று நாள் விட்டு, பழுத்த தக்காளி பாதி. அதன்பின் அன்றைய தயிரில் அரை மணி ஊற வைத்த கறி. எது ஒத்துக்கொள்கிறதோ அதை அன்றே பட்டியலுக்குள் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். பயத்தால் விலக்கி வைத்தே இருந்தால் உடம்பு சத்துக்கு ஏங்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். இந்த இரு தரப்பினரும் மருத்துவரும் உணவு ஆலோசகரும் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, மயக்கம் வந்தால் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது உண்மையான அலர்ஜியாக இருக்கலாம்.

இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால், இந்த உணவுமுறையை அன்றோடு விட்டுவிடுங்கள். காரணம் வேறு எங்கோ இருக்கிறது. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், குடல் அழற்சி, பால் சர்க்கரை சகிப்பின்மை, மாத்திரைகளின் பக்க விளைவு என்று மருத்துவர் தேட வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. அந்த இரண்டு வார நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தக்காளி போட்டுக் குழம்பு வையுங்கள்.